காலியாகத் திரும்பாத தூக்கு

நஃபீசா சமைத்தால் தெருவே மணக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவாரூரில் அவள் குடியிருக்கும் தெருவில் வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வீடு நெய்ச்சோறும் தாளிச்சாவும்தான். எந்த மணம் எந்த வீட்டு மணம் என்று யார் கண்டது? ஆனால் அவள் கைச்சோற்றை ஒரு தடவை சாப்பிட்டவர்கள் மறு தடவை கேட்காமல் போனதில்லை. அதை வேண்டுமானால் அடித்துச் சொல்லலாம்.

அந்தக் கைப்பக்குவம் நாற்பது வயது வரைக்கும் வீட்டோடு கிடந்தது. புருஷன் ஹாஜா மைதீன் குவைத்தில் இருந்து பணம் அனுப்பினார், அவள் ஆக்கினாள், மகள் ஷமீரா சாப்பிட்டாள், அவ்வளவுதான். ஷமீராவைக் கட்டிக்கொடுத்த மறு வருஷம் அவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பில் தகடு வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கால் மணி நேரம் சேர்ந்தாற்போல நிற்க முடியாத மனுஷன் எந்த வேலைக்குப் போவார்? கடை போடலாம் என்றால் கல்லாவில் உட்கார நஃபீசாவுக்குக் கூச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'இந்தாங்க' வந்தது.

கைபேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவரும் கம்பெனி. பெரிய ஊர்களிலெல்லாம் கொடி நாட்டிவிட்டு டெல்டாவுக்கு இறங்கியிருந்தார்கள். வந்த புதிதில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். மன்னார்குடிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து நடத்திவந்த சின்ன ஆப் ஒன்று தாக்குப்பிடிக்க முடியாமல் மூடிக்கொண்டது. அப்புறம் திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் சாப்பாடு என்றால் இந்தாங்கதான் என்று ஆகிவிட்டது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், நஃபீசாவுக்கு அவர்கள் செய்தது சின்ன உதவி இல்லை. வாசலில் பலகை மாட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல், அடுப்படியில் நின்றபடியே அவள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாள். ஹாஜா மைதீன் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். கைபேசி கிணுகிணுத்தால் எடுத்துப் படிப்பார்.

"ஏழாயிரத்து எழுநூத்திப் பதினாலு. நெய்ச்சோறு ரெண்டு, தாளிச்சா ஒண்ணு."

அவள் கட்டிக்கொடுப்பாள். கம்பெனி மஞ்சள் சட்டை போட்ட தமிழரசன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வண்டியில் வந்து வாங்கிப்போவான். அப்புறம் அடுத்த எண். அதற்கு அடுத்த எண். கொஞ்ச காலம் போனதும் நஃபீசாவுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

"மச்சான், ஏழாயிரத்து எழுநூத்திப் பதினாலுன்னா யாரு?"

"யாரா இருந்தா நமக்கென்ன புள்ள? காசு வருதுல்ல."

"வயசானவங்களா, காலேஜ் பசங்களா, புள்ளத்தாச்சியா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே. செவுத்துக்குச் சோறு போடுற மாதிரி இருக்கு."

கம்பெனியைக் கேட்டுப் பார்த்தாள். வாடிக்கையாளர் விவரம் தரமாட்டோம் என்று பதில் வந்தது. அவர்கள் மட்டும் வைத்துக்கொள்வார்களாம்.

பிளாஸ்டிக் டப்பாவும் அவளுக்கு ஆகவில்லை. சூட்டோடு தாளிச்சாவை அதில் ஊற்றினால் ஒரு வாடை எடுக்கும். டப்பா தீர்ந்துபோன ஒரு மதியம், பரணிலிருந்து எவர்சில்வர் தூக்குகளை இறக்கினாள். எல்லாம் ஷமீரா கல்யாணத்துக்கு வாங்கியவை. ஒவ்வொன்றிலும் 'நஃபீசா' என்று பேரும் தெருவும் வெட்டியிருக்கும். சோற்றையும் தாளிச்சாவையும் அதில் வைத்து, மூடியின்மேல் கம்பெனியின் சீல் ஸ்டிக்கரைக் கவனமாக ஒட்டித் தமிழரசன் கையில் கொடுத்தாள்.

அவன் தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, இது திரும்பி வருமா?"

"போன ஏனம் வராம எங்க போவும்? நீ கெளம்பு, சோறு ஆறுது."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பண்டம் போனால், அந்த ஏனம் காலியாகத் திரும்பக் கூடாது. ஒன்றும் இல்லாத வீடாக இருந்தாலும் ஒரு கரண்டிச் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். காலி ஏனத்தை நீட்டுவது முகத்தில் அடித்த மாதிரி. இந்து வீடு, முஸ்லிம் வீடு, எல்லா வீட்டிலும் இதே பழக்கம்தான். கம்பெனியின் ஒப்பந்தம் பெரிய புத்தகமாக இருந்ததாம். அதை எழுதிய மகராசனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். விளமலில் தனியாக இருக்கும் கமலாம்பாள், ஓய்வு பெற்ற டீச்சர். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். கழுவித் துடைத்த தூக்கை நீட்டினார். உள்ளே ஆய்ந்த முருங்கைக்கீரை.

"நஃபீசாங்கறது நீதானாம்மா? பேரப் பாத்துத்தான் விசாரிச்சுக்கிட்டு வந்தேன். ஏனத்தச் சும்மா குடுக்கலாமா, அதான் கொல்லையில ஒடிச்சேன்."

"உள்ள வாங்கம்மா. எங்க வீட்டுச் சோறு ஒத்துக்கிச்சா ஒங்களுக்கு?"

"ஒத்துக்கிச்சாவா! கொஞ்சம் நெய்யக் கொறச்சா இன்னும் நல்லா இருக்கும், எனக்குச் செரிக்க மாட்டேங்குது."

நஃபீசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு முகம் வந்துவிட்டது! தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பம் ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அன்றைக்கு ஹாஜா மைதீனுக்குப் பேச்சுத்துணை கிடைத்ததில் வெங்காயம் உரிபடவே இல்லை. அடுத்த தடவை கமலாம்பாள் நேராகவே போன் போட்டுச் சொன்னார். கம்பெனிக்குக் கமிஷன் இல்லாததால் நஃபீசாவும் கொஞ்சம் குறைத்தே வாங்கினாள். அப்புறம் தூக்குகள் ஒவ்வொன்றாக ஆட்களோடு வரத் தொடங்கின. ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் வறுத்த கடலை, பல்கலைக்கழக விடுதிப் பெண்கள் கொண்டுவந்ததில் சாக்லேட்டு.

குடி கெட்டது ஒரு பாராட்டினால்தான். பிரியம் மிகுந்துபோய்க் கமலாம்பாள் இந்தாங்க ஆப்பிலேயே ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதிவைத்தார்: 'தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் நஃபீசா அம்மா வட்டலப்பமும் தருகிறார். எல்லோரும் நேரில் போய் வாங்குங்கள், விலையும் குறைவு.' டீச்சர் அல்லவா, ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தார்.

அந்த வாரமே நஃபீசாவின் சமையல் திரையின் அடிப்பகுதிக்குப் போனது. விரலால் தள்ளித் தள்ளி அலுத்துப்போனால்தான் கண்ணில் படும். மேலே முதலாவதாகப் புதிதாக ஒன்று வந்தது. 'இந்தாங்க அடுப்படி', கம்பெனி தானே நடத்தும் சமையற்கூடம். அதில் விற்றது நெய்ச்சோறும் தாளிச்சாவும். எந்தத் தெருவில் யார், எந்தக் கிழமை, எதை, எவ்வளவு காரத்தோடு சாப்பிடுகிறார்கள் என்ற விவரம் முழுக்க அவர்கள் கையில் இருந்தது. சமைப்பதற்கு என்ன கஷ்டம்? பிறகு ஒருநாள் காலையில் ஹாஜா மைதீன் கைபேசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நஃபீசாவின் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எங்கள் வழியாக வந்த வாடிக்கையாளரோடு நேரடியாகத் தொடர்பு வைத்தீர்கள், வெளியே குறைந்த விலைக்கு விற்றீர்கள், இரண்டுமே விதிமீறல் என்று எழுதியிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டுக் கமலாம்பாள் ஆட்டோ பிடித்து ஓடிவந்தார். "பாவி, நாந்தானே எழுதுனேன்! நல்லது செய்யறதா நெனச்சு ஒன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேனே!"

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க, பாராட்டித்தானே எழுதுனீங்க" என்றாள் நஃபீசா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

டெல்டா ஓட்டல்காரர்கள் சங்கம் அதற்குள் டெல்லியில் இருக்கும், கம்பெனிகள் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் போட்டிருந்தது. சங்கத்துக்கு வக்கீல் பூவிழி. திருத்துறைப்பூண்டிப் பெண், சென்னையில் தொழில். அவளுடைய தலைவலி என்னவென்றால், பாதிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர், வாயைத் திறந்து சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. சொன்னால் அடுத்த நாள் திரையிலிருந்து காணாமல் போய்விடுவோம் என்று எல்லோருக்கும் பயம். நஃபீசா ஏற்கெனவே காணாமல் போனவள் என்பதால் அவளைத் தேடி வந்தாள்.

"எனக்கு அவங்க மேல கோவம் இல்லம்மா" என்றாள் நஃபீசா. "அவங்க வரலைன்னா நான் அடுப்பே மூட்டியிருக்க மாட்டேன். பெரிய கம்பெனியா இருக்கறது ஒரு குத்தமா?"

"குத்தமே இல்லக்கா. சட்டமும் அப்படிச் சொல்லல. எல்லாரும் என் கதவு வழியாத்தான் போயாகணும்னு ஆன பின்னாடி, அந்தக் கதவ வச்சுக்கிட்டு மெரட்டக் கூடாது, அவ்ளோதான். என்னை விட்டு வெளிய யார்கிட்டயும் பேசாதங்கறான். வெலையக் கொறைக்காதங்கறான். ஒங்க யாவாரத்தப் பாத்துக்கிட்டே இருந்து அதையே எதுக்கக் கடையாப் போடுறான். இதைத்தான் ஆணையம் விசாரிக்குது. நீங்க வந்து நடந்ததச் சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிப்பதற்குள் கம்பெனியின் பகுதி மேலாளர் இளஞ்செழியன் வந்துவிட்டார். மரியாதையான ஆள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், கொடுத்த தேநீரைக் குடித்தார். திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம், திரையில் மேலேயே வைக்கிறோம் என்றார். அதற்கு இரண்டு நிபந்தனை: சங்கத்துப் புகாரில் சாட்சி சொல்லக் கூடாது, தூக்கில் அனுப்பக் கூடாது.

ஹாஜா மைதீன் முகம் மலர்ந்துவிட்டது. "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊர்ல இத்தன ஓட்டல்காரன் இருக்கான், எவனும் போகல. நமக்கெதுக்கு இந்த வம்பு?"

"தூக்கு வேணாம்னா சரி சார்" என்றாள் நஃபீசா. "ஏற்கெனவே போன தூக்கு அஞ்சாறு வெளிய இருக்கு. அதக் கொண்டாந்து குடுக்க வருவாங்களே?"

இளஞ்செழியன் தயங்கினார். "அவங்ககிட்ட ஆப்ல போடச் சொல்லி அனுப்பிருங்கம்மா. பேச்சு வச்சுக்க வேணாம். அது எங்க விதி, நான் என்ன பண்ணட்டும்?"

"வாசலுக்கு ஏனத்தோட வந்தவங்கள உள்ள கூப்பிடாம அனுப்பணுமா?"

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. நஃபீசா அன்று மாலையே பூவிழிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஹாஜா மைதீன் இரண்டு நாள் வெங்காயம்கூட உரிக்காமல் முறுக்கிக்கொண்டு இருந்தார். ஆனாலும் பெண்பிள்ளையைத் தனியாக விடுவேனா என்று, இடுப்பு வலியோடு ரயிலில் படுத்துக்கொண்டே ஆணையத்தின் சென்னை அலுவலகத்துக்குக் கூட வந்தார்.

விசாரணை அறைக்கு வெளியே வைத்துப் பூவிழி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஏன் தூக்குல அனுப்புனீங்கன்னு கம்பெனி வக்கீல் கேப்பாரு. பிளாஸ்டிக்ல ருசி கெடுதுன்னு சொல்லுங்க. அது உண்மைதானே? அதோட நிறுத்திக்குங்க. மேல பேசாதீங்க."

உள்ளே விசாரணை அதிகாரி, வடக்கத்தி மனுஷர், பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். கம்பெனி வக்கீல் நல்ல தமிழ்க்காரர். குரலை உயர்த்தவே இல்லை.

"பிளாஸ்டிக் பிடிக்கலைன்னு சொல்றீங்க, சரிம்மா. வாழையிலை இருக்கு, தையல் இலை இருக்கு, மண்சட்டி இருக்கு. அதெல்லாம் போனா போனதுதான். பேர் வெட்டுன ஏனத்த ஏன் எடுத்தீங்க? அதத் திருப்பிக் குடுக்க ஒங்க வீட்டுக்கு ஆள் வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நஃபீசா பூவிழியைப் பார்த்தாள். பூவிழி மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் அவள் மனசுக்குள் புகுந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் அன்று பரண் ஏணியில் நின்று அந்தத் தூக்கைத் துடைத்தபோது என்ன நினைத்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"தெரியும் சார்" என்றாள். "வரட்டும்னுதான் அனுப்புனேன்."

வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். பூவிழி பேனாவை மூடி வைத்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஹாஜா மைதீன் "யா அல்லாஹ்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அதிகாரி மட்டும் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். ஏன் அவர்கள் வரவேண்டும் என்று நினைத்தீர்கள், அதிக லாபத்துக்கா என்று கேட்கச் சொன்னார்.

"லாபம்லாம் அப்பத் தோணல சார். பொய் சொல்லுவானேன், பின்னாடி வந்துச்சு, வேணாங்கல. ஆனா நான் அனுப்புனது யாரு சாப்புடுறாங்கன்னு பாக்கத்தான். வருஷக்கணக்கா ஆக்குறேன், சாப்புட்டவங்க ஒருத்தர் பேரு எனக்குத் தெரியாது. வெறும் நம்பருதான் வரும். பசியோட ஒருத்தங்க இருக்காங்க, ஆக்கிக் குடுக்க நான் இருக்கேன், நடுவுல ஒரு செவுரு. அந்தப் பக்கத்துல யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

"கம்பெனிக்கு அந்தப் பெயர்கள் தெரியுமா?"

"அவங்களுக்குத் தெரியாம எப்படி சார்? அதப் பாத்துத்தானே எனக்குப் பதிலா அவங்க அடுப்பு மூட்டுனாங்க."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பும் ரயில் விழுப்புரம் தாண்டியது. ஹாஜா மைதீன் படுத்தபடியே கேட்டார். "உண்மையப் பேசறதுக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா புள்ள?"

"கேட்டாங்க மச்சான். அதுக்கு முன்னாடி யாரு என்னக் கேட்டா?"

இவளுடைய வாக்குமூலத்தைக் காட்டியே கம்பெனி ஒப்பந்தத்தை அடியோடு முறித்தது. நஃபீசாவே ஒத்துக்கொண்டார் பாருங்கள் என்று ஆணையத்துக்கும் எழுதிப்போட்டது. அந்த வருஷம் குறுவை, சம்பா இரண்டு போகமும் நஃபீசா வீட்டுக்குப் பொல்லாத காலம். நேரில் வாங்குகிறவர்கள் இருந்தார்கள், கமலாம்பாள் தெரிந்தவர்கள் காதிலெல்லாம் ஓதினார், தமிழரசன் தன் பிள்ளை பிறந்தநாளுக்குச் சாப்பாடு சொன்னான். அதில் அடுப்பு எரிந்தது, அவ்வளவே. ஊரே திரையைப் பார்த்துச் சாப்பிடும்போது திரையில் இல்லாதவளை யார் நினைப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நஃபீசா தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுததும் உண்டு.

தை பிறந்த பிறகு பூவிழி போன் செய்தாள். முதலில் சிரித்தாள். ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. முழு விசாரணை முடிய இன்னும் நாளாகும், கம்பெனி மேல்முறையீடு போனாலும் போகும். ஆனால் அதுவரைக்கும், வாடிக்கையாளரோடு பேசியதற்காகவோ வெளியே விலை குறைத்ததற்காகவோ எந்தக் கடையையும் நீக்கக் கூடாது. நீக்கியவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். சாப்பிடுகிறவர் சம்மதித்தால் அவர் பெயரைச் சமைப்பவருக்குக் காட்ட வேண்டும்.

"நீங்க மட்டும் அன்னிக்கு 'தெரியாது'ன்னு சொல்லியிருந்தா அதிகாரி அடுத்த கேள்விக்கே போயிருக்க மாட்டாருக்கா. நான்தான் ஒங்க வாய அடைக்கப் பாத்தேன்."

வீட்டுக்கு வாம்மா, சாப்பிட்டுப் போ என்றாள் நஃபீசா.

கணக்கைத் திறந்த அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே குளித்து, சீரகச்சம்பா களைந்து, தாளிச்சாவுக்குப் பருப்பு வேகவைத்துவிட்டாள். பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. மறந்தே போய்விட்டார்கள் என்று ஹாஜா மைதீன் முணுமுணுத்தார். சும்மா இருங்க என்று அதட்டிவிட்டு நஃபீசா நெய்யைக் காய்ச்சினாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பும் நேரத்தில் கைபேசி கிணுகிணுத்தது. ஹாஜா மைதீன் வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எண்ணைப் படிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"புள்ள, யாரோ துரைராசாம். நெய்ச்சோறு ஒண்ணு கேட்டிருக்காரு."

நஃபீசா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையோ கண்ணீரோ, அடுப்படியில் எது எது என்று யாருக்குத் தெரியும்.

"யாரோன்னு சொல்லாதீங்க மச்சான்" என்றாள். "அதான் பேரு வந்துருச்சே."